பழனிமலையில் சொந்தக் காடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மேல்மலையிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர் அடங்கிய கீழ்மலையிலும் ஓர் ஏக்கர் முதல் பத்துப் பதினைந்து ஏக்கர் வரை மரமடர்ந்த பட்டா நிலம் வைத்திருப்பவர்கள் பலர். சிலருக்கு அது காபித் தோட்டத்துக்கு மேலே எஞ்சிய சோலைத் துண்டு. சிலருக்கு, உருளைக்கிழங்கு போட்டுக் கைவிட்ட நிலத்தில் தானாக ஏறிய வாட்டில் என்னும் அயல் மரம். வேறு சிலருக்கு, அப்பா வாங்கிப்போட்டு நெடுநாளாக யாரும் எட்டிப் பார்க்காத இடம். தோட்ட வேலையாகப் பல ஊர்களுக்கும் போய்வருகையில் இவர்களுடைய சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் கண்டு, கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே வைத்துத் தொகுத்திருக்கிறேன்.

எங்களுக்கு இருப்பதே மூன்று ஏக்கர். அதைப் போய்க் காடு என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். மேல்மலையில் இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் ஒதுங்கி நிற்கும் சோலைகள் பலவும் சில ஏக்கர் பரப்புக்குள் அடங்குபவைதாம். கோத்தகிரியில் பல ஊர்களுக்குத் தண்ணீர் தரும் லாங்வுட் சோலையின் பரப்பே ஏறத்தாழ 116 ஹெக்டேர்தான். உங்கள் மூன்று ஏக்கர் பக்கத்து நிலத்து மரங்களோடு கிளை கோத்து நின்றால், மலையணிலுக்கும் பறவைக்கும் சர்வே கல் எங்கே இருக்கிறது என்பது பொருட்டாக இராது.

சூழலியல் வனவளர்ப்பு என்று ஏட்டில் எழுதுவதன் உள்ளடக்கம் எளிது. மொத்தமாக வெட்டி மொத்தமாக நடும் வழக்கத்தை விட்டுவிட்டு, மரத்தலைகள் சேர்ந்து கூரையாக நிற்கும் மேற்கவிகை எப்போதும் கலையாமல் வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் அவ்வப்போது எடுத்து, அதனால் கிடைக்கும் வெளிச்சத்தைத் தானாக முளைத்த கன்றுகளுக்குக் கொடுப்பதே அது. வருமானம் உண்டு, ஆனால் ஒரே ஆண்டில் ஒரே லாரியில் வராது. விறகாகவும் மிளகாகவும் பலகை மரமாகவும் சிறிது சிறிதாக வரும்.

சும்மா விட்டாலே காடு தானாக வந்துவிடுமே, நாம் ஏன் கை வைக்க வேண்டும்?

பக்கத்தில் நல்ல சோலை இருந்து, தீயும் மாடும் வராமல், அயல் களையும் இல்லாமல் இருந்தால் வரும். அப்படிப்பட்ட இடத்தை விட்டுவைப்பதே சிறந்த மேலாண்மை. ஆனால் அத்தகைய நிலம் நம் மலையில் குறைவு. உன்னிச்செடி மண்டிய சரிவில் சோலைக் கன்று வெளிச்சம் காணாமல் மடியும். வாட்டில் ஏறிய நிலம், ஒரு முறை தீப்பட்டால் முன்னிலும் அடர்ந்த வாட்டிலாகவே எழும். கை வைக்க வேண்டியது இத்தகைய முட்டுக்கட்டைகளின் மேல்தான்.

சரி, முதலில் எந்தக் கன்றை நட வேண்டும்?

முதல் ஆண்டில் எதையும் நட வேண்டாம். இந்தப் பதில் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கிறது. நாற்று வாங்கிக் குழி எடுத்தால்தான் வேலை நடந்ததாக நமக்கு ஒரு மனநிறைவு. ஆயினும் நிலத்தில் ஏற்கெனவே என்ன முளைத்திருக்கிறது என்று தெரியாமல் நடுவது, வீட்டில் இருக்கும் அரிசியைப் பார்க்காமல் கடைக்குப் போவதற்குச் சமம்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், தரை ஈரமாக இருக்கும்போது, சரிவின் குறுக்கே நேர்கோட்டில் நடந்து, முப்பது தப்படிக்கு ஓரிடத்தில் நின்று, பத்தடிக்குப் பத்தடி அளவுக்குள் முழங்காலுக்குக் கீழுள்ள கன்றுகளையும் இடுப்புக்கு மேலுள்ளவற்றையும் தனித்தனியாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். குனிந்து சருகை விலக்கிப் பார்க்க வேண்டும். நாவல் வகைக் கன்றுகளின் கொழுந்து பெரும்பாலும் செம்பு நிறத்தில் பளபளக்கும். கசக்கினால் மாம்பிஞ்சை ஒத்த மணம் வரும். காட்டு எலுமிச்சையின் உறவினங்களும் மணத்தாலேயே தம்மைக் காட்டிக்கொள்ளும். பறவை உட்காரும் கிளைக்கு நேர் கீழேயும், விழுந்து உளுத்த கட்டையின் ஓரத்திலும் கன்றுகள் கும்பலாக இருப்பதைக் காண்பீர்கள். குக்குறுவானும் சின்னானும் பழமுண்ணி மரநாயும் உங்களுக்காகக் கூலி வாங்காமல் நட்டவை அவை. பெயர் தெரியாத கன்றை, ஊரில் வயதான பளியர் (இம்மலையின் பழங்குடியினர்) ஒருவரை அழைத்துக் காட்டினால், பெயரோடு அதன் பழம் எந்த மாதம் விழும் என்பதும் தெரியவரும். அந்த அறிவுக்கு நாட்கூலிக்கு மேல் கொடுப்பதே நியாயம்.

எண்ணிய இடங்களில் பாதிக்கு மேல், இடுப்பளவு தாண்டிய சோலைக் கன்று ஒன்றாவது இருந்தால், உங்களுக்கு நாற்றே தேவைப்படாமல் போகலாம். அவற்றில் நிறத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். பின்னால் விறகு வெட்ட வருபவரின் அரிவாளிலிருந்து அவற்றைக் காப்பது அந்தத் துணிதான்.

வாட்டில் நம் மண்ணுக்கு ஆகாத மரம் என்கிறார்கள். ஒரே மூச்சில் வெட்டித் தள்ளிவிட்டால் நல்லதுதானே?

நல்லதன்று. நீலகிரியில் சீகை என்று அழைக்கப்படும் வாட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்தது. விறகுக்கும், பட்டையிலுள்ள தோல் பதனிடும் சத்துக்கும் ஆகப் பிற்காலத்தில் பெருமளவில் நடப்பட்டது. புல்வெளிகளை அது விழுங்கியது உண்மை. ஆனால் அதன் விதை கெட்டித் தோலுடையது, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கக்கூடியது. ஒரே மூச்சில் வெட்டினால் தரையில் வெயில் விழுகிறது. கழிவைக் கொளுத்தினால் சூட்டில் விதைத்தோல் வெடிக்கிறது. அடுத்த மழையில் கீரைப்பாத்தியைப் போல வாட்டில் கன்று எழுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. மேல்மலையில் மனிதர் தொடாமல் முதிர்ந்த வாட்டில் தோப்புகளுக்குள்ளும் பைன் தோப்புகளுக்குள்ளும் சோலைக் கன்றுகள் நிழலில் எழுந்து வருவதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். நடந்து போகிற எவரும் பார்க்கலாம். பனிக்கும் காற்றுக்கும் வாட்டில் அங்கே கூரையாக நிற்கிறது. ஆகவே முந்தைய பதிலில் சொன்ன துணி கட்டிய கன்றுகள் எங்கே கூட்டமாக இருக்கின்றனவோ, அங்கே மட்டும், அவற்றின் தலைக்கு மேலுள்ள இரண்டு மூன்று வாட்டிலை எடுத்து, நிற்கும் மரத்தின் உயரத்துக்கு மேற்படாத அகலத்தில் ஒரு சிறு வெளியை உண்டாக்குங்கள். கன்று தலை தூக்கிய பிறகு அந்த வெளியின் ஓரத்தை விரியுங்கள். வெட்டிய கிளைகளைக் கொளுத்தாமல், சரிவின் குறுக்காகப் படுக்க வைத்தால் மண் தங்கும்.

எந்த வாட்டில் என்பதையும் பார்க்க வேண்டும். வெளிர்மஞ்சளாகப் பூக்கும், கரும்பச்சைச் சிற்றிலை கொண்ட கருவாட்டில் முதிர்ந்தபின் தரையோடு வெட்டினால் பெரும்பாலும் அதிகம் துளிர்ப்பதில்லை. சாம்பல் பூத்த இலையும் பளிச்சென்ற மஞ்சள் பூவும் உடைய வெள்ளி வாட்டிலும், இலைபோன்ற அகன்ற காம்புடைய கருமர வாட்டிலும் வெட்ட வெட்ட வேரிலிருந்து கன்று விடுபவை. பட்டையை வளையமாக உரித்தாலும் அப்படியே. இந்த இரண்டையும் வெட்டுகிறவர், அடுத்த சில ஆண்டுகளுக்குத் துளிர் கிள்ள ஆள் வைக்க முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். முடியாதென்றால் நிழல் தந்து நிற்கட்டும் என்று விட்டு, ஓரங்களில் பரவும் முழங்கால் உயரக் கன்றுகளை மட்டும் மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கிவந்தால் போதும்.

யூகலிப்டஸ் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பது உண்மையா, வெறும் பேச்சா?

மலையைப் பொறுத்தவரை அளந்து பார்க்கப்பட்ட உண்மை. நீலகிரியின் கிளென்மார்கனில், அருகருகே இருந்த இரண்டு புல்வெளி நீர்ப்பிடிப்புகளில் ஒன்றில் 1972இல் யூகலிப்டஸ் நட்டு, உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இரண்டையும் தொடர்ந்து ஒப்பிட்டது. முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடையில் வந்த மொத்த நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காடு அளவுக்குப் போனது. அடிமரத்திலிருந்து துளிர்க்கும் மரத்துக்குப் பழைய வேர் ஆழத்தில் ஏற்கெனவே இருப்பதால் இது வியப்பன்று.

எனவே ஊற்றுக் கண்ணுக்கு மேலேயும் ஓடைக் கரையிலும் நிற்கும் யூகலிப்டஸை முதலில் எடுக்கத் திட்டமிடுங்கள். எடுத்தபின் துளிர்க்க விட்டால் வேலை வீண். வெளி உண்டாக்கும் முறை வாட்டிலுக்குச் சொன்னதேதான்.

உன்னிச்செடியை எத்தனை முறை வெட்டினாலும் திரும்ப வருகிறதே?

தண்டை வெட்டுவதால்தான் வருகிறது. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான் அது துளிர்க்கிறது. மண்ணை இரண்டு மூன்று விரற்கடை பறித்து, அந்தக் கழுத்துக்குக் கீழே வேரை வெட்டிப் புதரைத் தூக்கி, வேர் மேலே இருக்கும்படி தலைகீழாகச் சாய்த்துவிட்டால் அப்படியே காய்ந்துபோகும். பழம் கறுக்கும் முன் செய்ய வேண்டும். பிறகு இரண்டு பருவம், பறவை உட்காரும் மரங்களின் அடியை மட்டும் சுற்றிவந்து புதுக் கன்றைப் பிடுங்கினால் போதும். சோலை விதையைக் கொண்டுவரும் அதே பறவைதான் உன்னி விதையையும் கொண்டுவருகிறது.

மேல்பகுதியில் ஓர் ஏக்கர் புல்வெளி சும்மா கிடக்கிறது. அதிலும் சோலை மரம் நடலாமா?

வேண்டாம். நம் மேல்மலையில் புல்வெளி என்பது மரம் இழந்த காடு என்று எண்ணுவது நூற்றாண்டுக் கால வழக்கம். அந்த எண்ணம்தான் வாட்டிலையும் பைனையும் அங்கே கொண்டுவந்து ஏற்றியது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை ஆராய்ந்தபோது, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே புல்வெளி இருந்தது தெரியவந்தது. மனிதன் கோடரியோடு ஏறுவதற்கு மிக முந்தைய காலம் அது.

திறந்த மேட்டில் மார்கழி, தை மாதங்களில் இறங்கும் உறைபனி சோலைக் கன்றைக் கருக்கிவிடும் என்பதால் நட்டாலும் பிழைப்பது அரிது. புல்லில் ஏறும் வாட்டில் கன்றைப் பிடுங்குங்கள், குழி எடுக்காதீர்கள், பூர்விகப் புல் கட்டைகட்டையாக நிற்கும் இடத்தில் மாடு கட்டி மேய்க்காதீர்கள். ஓடைக்கு நீர் கசிய விடுவதில் அந்தப் புல்லுக்கும் பங்குண்டு.

நட்டே ஆக வேண்டிய இடம் இருக்கிறது. எந்த மரம், எங்கே நாற்று வாங்குவது?

உங்கள் நிலத்திலிருந்து பார்க்கும் தூரத்தில் என்ன நிற்கிறதோ அதுவே முதல் பட்டியல். கீழ்மலையில் காபி விளையும் உயரத்தில் நாவல், பலா, சந்தன வேம்பு, வேங்கை, நாங்கு, அத்தி இனங்கள் ஆகியவை பொருந்தும்; அத்தி எதுவானாலும் பறவையை அழைத்துவந்து மற்ற விதைகளையும் கூட்டும் என்பதால், ஏக்கருக்கு ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கட்டும். மேல்மலையில் குளிர் தாங்கும் நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், உத்திராட்ச இனங்கள் ஆகியவையும், சோலையின் புல்வெளி விளிம்பில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானும் ஏற்றவை. வெயில் அடிக்கும் வெட்டவெளியில் முதலில் வட்டக்கண்ணி போன்ற வேகமாக வளரும் மரங்களை எழவிட்டு, அவற்றின் நிழலில் மற்றவற்றைச் சேர்ப்பது நலம்.

நாற்றை நீங்களே எழுப்புவது கடினமில்லை, ஆனால் ஒரு செய்தியை மறக்கக் கூடாது: சோலை மரங்கள் பலவற்றின் விதை சேமிக்கத் தாங்காது. நாவல் கொட்டையைக் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தால் சில வாரங்களில் செத்துவிடும். பழம் விழுந்த சில நாட்களுக்குள் சதையைக் கழுவி நீக்கி, சருகு மக்கிய மண்ணில் நிழலில் ஊன்றிவிட வேண்டும். ஊர்க் கோயில் காட்டில் விழும் பழம் நல்ல விதை மூலம்; பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பொறுக்குங்கள். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் வனத்துறை நாற்றங்கால்களிலும் கேட்கலாம். கேட்கும்போது மரத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புவார்கள்.

கீழ்மலையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பதால் புரட்டாசிக் கடைசியில் நடுவது பொருத்தம். வரிசை பிடிக்க வேண்டாம். கன்று இல்லாத இடைவெளிகளில் மட்டும், மூன்று நான்காகக் கூட்டி நடுங்கள்.

காபிக்கு நிழல்தானே வேண்டும்? சில்வர் ஓக் மட்டும் போதாதா?

மிளகுக் கொடிக்கு நேரான தண்டு, வேகமான வளர்ச்சி, வாங்க ஆள் என்று சில்வர் ஓக்குக்கு உள்ள நன்மைகளை மறுப்பதற்கில்லை. நாட்டு மரத்தை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அலைய வேண்டியிருக்கிறது என்ற அச்சமும் அதை நோக்கித் தள்ளுகிறது. மரத்தைக் காக்க வந்த விதியே நாட்டு மரம் நடாமல் இருக்கக் காரணமாகிவிட்டது என்பது என் எண்ணம். ஆயினும் ஒரே இனத்தின் மேல் தோட்டத்தை நிறுத்துவதன் விலையைக் கல்யாண முருங்கையில் பார்த்தோம். 2005ஆம் ஆண்டை ஒட்டித் தென்னிந்தியாவுக்குள் வந்த ஒரு சிறு குளவி, அதன் இலையிலும் காம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்து, நிழலுக்கும் கொடிக்கும் அதையே நம்பியிருந்த தோட்டங்களைத் தவிக்கவிட்டது.

இருக்கும் சில்வர் ஓக்கைப் பிடுங்க வேண்டியதில்லை. எடுக்கும்போதெல்லாம் அந்த இடத்தைப் பலாவுக்கோ சந்தன வேம்புக்கோ அத்திக்கோ கொடுத்துவந்தால், பதினைந்து இருபது ஆண்டுகளில் நிழல் கலப்பாகிவிடும். நிழலைச் சீர்செய்வதில் ஐயமிருந்தால் தாண்டிக்குடியிலுள்ள காபி ஆராய்ச்சி நிலையத்திலும், தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் நேரில் கேட்கலாம்.

எதை வெட்டுவது, எதை விடுவது என்று எப்படித் தீர்மானிப்பது? வியாபாரி பெரிய மரத்தைத்தான் கேட்கிறார்.

வெட்ட வேண்டியதைத் தேடாமல், விட வேண்டியதைத் தேடிக்கொண்டு நடங்கள். ஏக்கருக்கு முப்பது நாற்பது மரங்களை எதிர்கால மரங்களாகத் தேர்ந்தெடுங்கள்: தண்டு நேராக, கவை தாழாமல், பட்டையில் காயமின்றி, தலை பச்சையாக உருண்டு நிற்பவை; இனம் கலந்து இருக்கட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் நின்று அண்ணாந்து பாருங்கள். அதன் தலையை எந்த மரத்தின் தலை நெருக்குகிறது? அந்த ஒன்றை, மிஞ்சினால் இரண்டை, எடுங்கள். மற்றவற்றை, கோணல் மரமானாலும், தொட வேண்டாம். அது தரைக்கு நிழல் தருகிறது, பக்கத்து மரத்தின் கீழ்க்கிளையை உதிரச் செய்து தண்டைச் சுத்தமாக்குகிறது.

ஒரு தடவையில், நிற்கும் மரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. நாலைந்து ஆண்டு விட்டுத்தான் அடுத்த முறை. திடீரென்று வெளிவிட்ட தோப்பின் மரங்கள் காற்றுக்குப் பழகாதவை. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மலைமேல் கடந்து சென்ற நாளில் கீழ்மலையில் எத்தனை மரம் சாய்ந்தது என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று வரும் பக்கத்து ஓரத்தில் இரண்டு மூன்று வரிசை மரங்களையும் புதரையும் அடர்த்தியாகவே வைத்திருங்கள்.

பெரிய மரத்தை மட்டும் எடுத்துப்போகும் வியாபாரம் ஒவ்வொரு முறையும் நல்ல விதை மரத்தை இழக்கச் செய்கிறது. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு மிஞ்சுவது நோஞ்சான்களின் காடுதான். ஓடையின் இரு கரையிலும் ஐம்பது அடிக்குள் எதையும் எடுக்காமல் விடுவது என் வழக்கம். யூகலிப்டஸ் மட்டும் முன்பு சொன்னபடி விதிவிலக்கு.

பட்டுப்போன மரத்தையாவது விறகுக்கு எடுக்கலாமே?

எடுக்கலாம், எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. ஏக்கருக்கு மூன்று நான்கு பட்ட மரம் நின்றால் மரங்கொத்திக்கும், தானே பொந்து குடையும் குக்குறுவானுக்கும், அவை விட்டுச்சென்ற பொந்தில் குடியேறும் பறக்கும் அணில் முதலியவற்றுக்கும் இடம். தரையில் விழுந்து உளுத்த கட்டை கோடையிலும் ஈரம் வைத்திருக்கும். கன்று அதன் ஓரத்தில் முளைப்பதன் காரணம் அதுதான். நடைபாதைக்கும் வீட்டுக்கும் வேலை நடக்கும் காபிச் செடிகளுக்கும் மேல் நிற்கும் பட்ட மரத்தை மட்டும் தயங்காமல் அகற்றுங்கள்.

என் பட்டா நிலத்து மரத்தை வெட்ட நான் யாரிடம் கேட்க வேண்டும்?

கேட்கத்தான் வேண்டும். தமிழ்நாடு மலைப்பகுதி (மரங்கள் பாதுகாப்பு) சட்டம் 1955இலிருந்து நடைமுறையில் உள்ளது; அறிவிக்கை செய்யப்பட்ட மலைப்பகுதியில் பட்டா நிலமானாலும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதியின்றி மரத்தை வெட்டவோ வேரோடு எடுக்கவோ எரிக்கவோ கூடாது. இதற்கு மேல், 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் நிலம் வந்திருந்தால், வெட்டுவதற்கு மட்டுமின்றி விற்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்குமே முன் அனுமதி வேண்டும். பழைய எஸ்டேட்டிலிருந்து பிரிந்து கைமாறிய நிலம் வாங்குபவர்கள் பத்திரம் போடும் முன் இதை விசாரித்துக்கொள்வது அவசியம்.

சிட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகியவற்றோடு, எந்த மரம், எத்தனை, மார்பளவு உயரத்தில் எவ்வளவு சுற்று என்ற பட்டியலையும் வைத்து வன அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வெட்டிய மரத்தை மலையிலிருந்து இறக்கத் தனியாக 1968ஆம் ஆண்டின் மரக் கடத்து விதிகள் உள்ளன. நீங்களே நட்ட மரம், அயல் மரம், காய்ந்த மரம் என்பதால் அனுமதி தேவைப்படாது என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். சந்தனமும் ஈட்டியும் கன்றாக இருந்தாலும் அலுவலகத்தில் கேட்காமல் தொட வேண்டாம். தேர்வு முறையில் எடுப்பவருக்கு ஒரு வசதி உண்டு: மேலே சொன்ன எதிர்கால மரக் கணக்கைக் கையில் வைத்திருந்தால், ஆய்வுக்கு வரும் வனவருக்கு எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று நின்ற இடத்தில் காட்டலாம்.

வியாபாரி தோப்பைப் பார்த்து மொத்தமாக ஒரு விலை சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

மொத்த விலைக்கு விட்டால் எந்த மரம் என்ற பேச்சே எழாது. கன்றின் மேல் மரம் விழுந்தாலும் கேட்க முடியாது. எண் அடித்த மரங்களுக்கு மட்டும், கன அடிக் கணக்கில் பேசுங்கள். அந்தக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சந்தையில் வழங்கும் முறை, சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. நான்கடி சுற்று, பத்தடி நீளமுள்ள கட்டைக்கு இதன்படி 10 கன அடி. உண்மையில் அந்த உருளைக்குள் இருப்பது ஏறக்குறைய 12.7 கன அடி. பட்டைக்கும் அறுவைச் சேதாரத்துக்கும் ஆன கழிவு இந்த முறையிலேயே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகும் பட்டைக்கென்று ஒருவர் சுற்றில் இரண்டங்குலம் குறைத்தால், ஒரே கழிவை இரண்டு முறை கொடுக்கிறீர்கள்.

எந்தத் திசையில் சாய்ப்பது, எந்தப் பாதையில் இழுப்பது, துணி கட்டிய கன்று உடைந்தால் என்ன பிடித்தம் என்பதை ஒப்பந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கட்டை இழுக்க அனுமதிக்காதீர்கள். இழுத்த தடமே அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும்.

தீக்கு என்ன செய்வது? சருகைக் கூட்டி முன்கூட்டியே எரித்துவிடலாமா?

தோப்புக்குள் எரிக்கக் கூடாது. சருகு போனால் ஈரமும் கன்றும் போகும். வாட்டில் இருந்தால் அதன் விதை விழிக்கும் என்பதை முன்பே பார்த்தோம். மார்கழிக்குள் நிலத்தின் எல்லையைச் சுற்றி, குறிப்பாகப் புல்வெளிப் பக்கத்திலும் சாலைப் பக்கத்திலும், எட்டுப் பத்தடி அகலத்துக்குத் தரை தெரியச் சருகை உள்பக்கமாகத் தள்ளி ஒரு தீத்தடுப்புக் கோடு எடுங்கள். தை முதல் சித்திரை வரை அதில் விழும் சருகை அவ்வப்போது தள்ள வேண்டும். தனியாளாகச் செய்வதைவிட, அடுத்தடுத்த நிலத்தார் சேர்ந்து ஒரே கோடாக எடுத்தால் கூலி பாதியாகும். நாளடைவில் நிழல் அடர்ந்து, தரை எப்போதும் ஈரமாக இருக்கும் சோலையில் தீ தானாகவே தயங்கும்.

காட்டை இப்படி வளர்த்தால் காட்டுமாடும் யானையும் வந்து தோட்டத்தை அழிக்காதா?

காட்டுமாடு முதன்மையாகப் புல் தின்னும் விலங்கு. மேல்மலையில் அதன் மேய்ச்சல் நிலத்தை வாட்டிலும் பைனும் மூடிய பிறகுதான் ஊருக்குள்ளும் காய்கறிப் பாத்திக்குள்ளும் அது அதிகமாக இறங்குகிறது. புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்திருக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அடர்ந்த சோலை அதற்கு வெயிலில் ஒதுங்க இடம் தரும். உணவு அங்கே சொற்பம்தான்.

யானை வேறு வகை. ஆடலூர், பாச்சலூர் பக்கத்தில் அது காலங்காலமாக நடக்கும் தடம் உண்டு. அந்தத் தடத்தில் வேலி போட்டால் வேலிதான் போகும். வீட்டருகே நிற்கும் பலாவில் காயைப் பிஞ்சிலேயே இறக்கிவிடுங்கள்; பழுத்த மணம் வெகுதூரம் போகும். வாழையைத் தடத்தின் ஓரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். கம்பியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது உயிர்க்கொலை, சிறைக்குக் கொண்டுபோகும் குற்றமும்கூட. 2013இல் கொடைக்கானல் வனவுயிர் சரணாலயம் அறிவிக்கப்பட்டபின், அதை ஒட்டிய நிலத்தார் சேத இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கையில், சேதம் நடந்த அன்றே படம் எடுத்து வன ஊழியருக்குத் தகவல் சொல்வது பலன் தருகிறது.

கார்பன் பணம் தருகிறோம் என்று ஒரு கம்பெனி ஆள் வந்தார். கையெழுத்துப் போடலாமா?

அவசரம் வேண்டாம். மரங்கள் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்துவைக்கும் கரிக்கு விலையாகத் தருவதுதான் கார்பன் பணம். மூன்று ஏக்கரில் சேரும் கரியை அளப்பதற்கும் சான்றளிப்பதற்கும் ஆகும் செலவு பெரியது என்பதால், தனியொரு சிறு உடைமையாளருக்கு இந்தக் கணக்கு தேறாது. பல நூறு பேரை ஒன்றாகச் சேர்த்தால்தான் தேறும். அப்படிச் சேர்க்கும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பல பத்தாண்டுகளுக்கு உங்கள் கையைக் கட்டுபவை. ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா, புயலில் மரம் விழுந்தால் பொறுப்பு யாருடையது, இடையில் நிலத்தை விற்கலாமா, தேர்வு முறையில் மரம் எடுக்கலாமா என்ற நான்கையும் கேளுங்கள். பதிலைத் தாளில் எழுதித் தராவிட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

அண்ணன் தம்பி மூன்று பேர். பாகம் பிரிக்கும்போது காட்டை எப்படிப் பிரிப்பது?

இதுவே எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி. நம் மலையில் பல சோலைத் துண்டுகள் பாகப் பிரிவினையில்தான் போயிருக்கின்றன. வழக்கமாக மேட்டிலிருந்து ஓடை வரை நீள நீளப் பட்டைகளாக அளந்துவிடுகிறார்கள், எல்லாருக்கும் தண்ணீர் கிடைக்கும் என்பதற்காக. அதன் விளைவாக ஒவ்வொருவரும் தனித்தனிப் பாதை போடுகிறார்கள், இரண்டு எல்லைக் கோட்டிலும் மரத்தை எடுக்கிறார்கள், நடுவில் இருக்கும் மரமும் காற்றுக்கு ஆளாகிறது.

காபி நிலத்தைப் பிரித்துக்கொண்டு, காட்டை மட்டும் மூவர் பெயரிலும் பொதுவில் வைத்துப் பங்கு வீதம் அனுபவிப்பது என் பரிந்துரை. அதற்கு மனம் ஒப்பாவிட்டால், ஓடைக் கரைப் பகுதியையும் ஒரே ஒரு பாதையையும் பொதுவாக விட்டு மீதியைப் பிரிக்கலாம். எதுவானாலும் பதிவு செய்யும் பாகப் பத்திரத்திலேயே எழுத வேண்டியவை சில: பொதுப் பாதையின் அகலம், ஓடையின் இரு கரையிலும் வெட்டாமல் விடும் தூரம், எதிர்கால மரங்களின் பட்டியல், மூவரும் ஒப்பினால்தான் மரம் எடுக்கலாம் என்ற நிபந்தனை, எடுத்த மரத்தின் பணமும் மரத்தில் ஏறிய மிளகும் யாருக்கு எந்த விகிதத்தில் என்பது. மிளகை எழுதாமல் விட்டவர்களுக்குள்தான் முதல் சண்டை வருகிறது.